சமம் என்றால் சான்று எங்கே?

1998 அக்டோபரில் கார்லோஸ் சிம்ப்சன் என்ற கணிதவியலாளர் ஒரு கட்டுரையைப் பொதுப் பார்வைக்கு வைத்தார். மிகயில் கப்ரானோவும் விளாதிமிர் வொய்வோட்ஸ்கியும் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்டிருந்த ஒரு தேற்றம் உண்மையாக இருக்கவே முடியாது என்பது அவர் வாதம். ஆனால் அவர்களுடைய நிறுவலில் எந்த வரியில் கால் இடறியது என்று அவரால் சுட்ட முடியவில்லை. அப்படியானால் தவறு தேற்றத்திலா, எதிர்வாதத்திலா? யாரும் உட்கார்ந்து தீர்த்துவைக்கவில்லை. வொய்வோட்ஸ்கி தம் பக்கமே சரி என்று நம்பிக்கொண்டிருந்தார். இடையில் 2002இல், வேறு பணிக்காக, ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். தவறு தம்முடையதுதான் என்று அவருக்குத் தெளிவானபோது 2013ஆம் ஆண்டு ஆகியிருந்தது.

இது ஒன்றோடு போகவில்லை. 1993இல் அவர் எழுதிய வேறொரு கட்டுரையைப் பல குழுக்கள் கருத்தரங்குகளில் வைத்துப் படித்தன. யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. 1999-2000இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் அவரே அதைப் பாடமாக நடத்தினார். கேட்டுக்கொண்டிருந்த கணிதவியலாளர் பியேர் தெலீன் ஒவ்வொரு படியையும் சரிபார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அதிலிருந்த முக்கியமான துணைத்தேற்றம் ஒன்று தேறாது என்று தெரிந்தது. நம்பிக்கைக்குரியவர் எழுதியது, பழகிய வாதத்தின் சாயலில் இருப்பது, சரிபார்க்கக் கடினமானது: இந்த மூன்றும் சேர்ந்தால் யாரும் அதை வரிவரியாகப் பார்ப்பதில்லை என்பது வொய்வோட்ஸ்கி கண்ட முடிவு. மனிதக் கண் போதாது, கணினிதான் சரிபார்க்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்துசேர்ந்தார்.

ஆனால் கணினிக்கு ஒரு நிறுவலைச் சொல்லப்போனால் அது முதலில் கேட்பது நாம் எதிர்பாராத கேள்வி. “இதுவும் அதுவும் சமம் என்கிறீர்களே, எந்த அர்த்தத்தில்?” வகைக் கோட்பாடும் கேட்டகரி கோட்பாடும் வேறுவேறு ஊர்களில் பிறந்து கணினி அறிவியலில் சந்தித்த கதையைப் பல விதமாகச் சொல்லலாம். எனக்கு அது இந்த ஒரு கேள்வியின் கதையாகவே படுகிறது.

தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் தடை சொல்லிலேயே வருகிறது. டைப், கேட்டகரி இரண்டுக்குமே ‘வகை’ என்ற சொல்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே டைப்பை வகை என்கிறேன். கேட்டகரியை அப்படியே விட்டுவிடுகிறேன். அந்தச் சொல்லை அதை உண்டாக்கியவர்களே அரிஸ்டாட்டிலிடமும் கான்ட்டிடமும் இருந்து எடுத்துக்கொண்டார்கள். நாமும் கடன் வாங்குவதில் குறையில்லை.

வகை என்ற எண்ணம் ஒரு விபத்திலிருந்து பிறந்தது. 1902 ஜூன் 16 அன்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஜெர்மானியத் தருக்கவியலாளர் கோட்லோப் ஃப்ரேகேவுக்குக் கடிதம் எழுதினார். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்களை எல்லாம் திரட்டி ஒரு கணம் ஆக்கினால், அந்தக் கணம் தனக்கு உறுப்பா, இல்லையா? உறுப்பு என்றால் இல்லை என்றாகிறது. இல்லை என்றால் உறுப்பு என்றாகிறது. ஃப்ரேகேவின் பெருநூலில் இரண்டாம் பாகம் அப்போது அச்சில் இருந்தது. எண்கணிதம் முழுவதையும் தருக்கத்தின் மேல் கட்டிவிட்டோம் என்று இருந்தவர், அடித்தளம் ஆடிவிட்டதை ஒரு பின்னிணைப்பில் ஒப்புக்கொண்டு 1903இல் நூலை வெளியிட்டார். கணித வரலாற்றில் அதைவிட நேர்மையான பின்னிணைப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ரஸ்ஸல் 1903இல் கோடிட்டு 1908இல் விரித்துக் காட்டிய மருந்துதான் வகை. பொருள்கள் ஒரு படி. பொருள்களின் கணங்கள் அடுத்த படி. அந்தக் கணங்களின் கணங்கள் அதற்கும் மேல். கீழ்ப்படியில் உள்ளது மேற்படியில் உள்ளதற்கு மட்டுமே உறுப்பாகலாம். ‘இந்தக் கணம் தனக்கே உறுப்பு’ என்ற சொற்றொடர் இனி மெய்யுமல்ல, பொய்யுமல்ல, சொல்லவே கூடாதது.

பொய்யானது வேறு, சொல்லக் கூடாதது வேறு என்ற இந்த வேறுபாடு தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் புதிதாக இராது. ‘கண்ணகி மதுரைக்குப் போகவில்லை’ என்பது பொய். ‘கண்ணகி மதுரைக்குப் போயிற்று’ என்பது திணை வழு. முதலாவதை மறுக்கலாம், இரண்டாவதைத் திருத்தத்தான் முடியும். நன்னூல் இப்படி ஏழு வழுக்களை எண்ணுகிறது. கூடவே வழுவமைதியையும் வைக்கிறது: பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் ‘என் அம்மை வந்தாள்’ என்றால் வழுவாயினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளலாம். நிரல் எழுதுகிறவர்கள் ஒரு வகை மதிப்பை வேறு வகையாக எடுத்துக்கொள்ளும்படி கம்பைலரிடம் வற்புறுத்துவார்கள், ‘காஸ்ட்’ என்பார்கள். அதுவும் வழுவமைதிதான், பல சமயம் காரணம் இல்லாத வழுவமைதி. தொல்காப்பியர் வகைக் கோட்பாட்டைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இரு பக்கத்துக்கும் கெடுதல் செய்கிறார்கள். ஆனால் இலக்கணத்துக்கும் வகைக்கும் உள்ள உறவு வெறும் உவமையும் அல்ல. 1958இல் யோவாகிம் லாம்பெக் வாக்கிய அமைப்பையே வகைகளின் கணக்காக எழுதிக் காட்டினார். அந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ரஸ்ஸலின் வகைகள் கணினிக்குள் வந்தது அலோன்சோ சர்ச் வழியாக. பிரின்ஸ்டனில் அவர் 1930களில் உருவாக்கிய லாம்டா கணிதத்தில் உள்ளவை சார்புகள் மட்டுமே: சார்பை உண்டாக்கு, சார்புக்கு உள்ளீடு கொடு, அவ்வளவுதான். ஒரு சார்பைத் தனக்கே உள்ளீடாகவும் கொடுக்கலாம். அங்கேதான் ரஸ்ஸலின் பூதம் மறுபடி தலைகாட்டியது. தருக்கத்துக்கு அடித்தளமாக அவர் முதலில் வைத்த அமைப்பு முரணானது என்று அவருடைய மாணவர்களான கிளீனியும் ராஸரும் 1935இல் காட்டினார்கள். 1940இல் சர்ச் வகைகளைச் சேர்த்தார். எந்த வகையை வாங்கி எந்த வகையைத் தரும் என்று ஒவ்வொரு சார்பும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தன்னையே தனக்கு ஊட்டிக்கொள்வது நின்றது. எழுதிய எந்த நிரலும் என்றாவது முடிந்தே தீரும். விலையும் உண்டு: கணக்கிடத்தக்க சார்புகள் எல்லாவற்றையும் இந்த மொழியில் எழுத முடியாது. பாதுகாப்பும் வல்லமையும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்ற சங்கடம் இன்றுவரை நிரல்மொழிகளை விடவில்லை.

இனி வருவது, என் கணிப்பில், இருபதாம் நூற்றாண்டுத் தருக்கவியலின் ஆகப் பெரிய வியப்பு.

ஒரு கூற்று: ‘அ உண்மை என்றால், ஆ உண்மை என்றால், அ உண்மை.’ சொல்ல வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. இதை எப்படி நிறுவுவது? அ உண்மை என்பதற்கு ஒரு சான்று தந்தார்கள் என்று கொள்வோம். பிறகு ஆவுக்கும் ஒரு சான்று தந்தார்கள். ஆவின் சான்றை ஓரமாக வைத்துவிட்டு அவின் சான்றைத் திருப்பிக் கொடுத்தால் நிறுவல் முடிந்தது. இப்போது மேலே உள்ளதை ஒரு நிரலாகப் படியுங்கள்: ‘அ’ வகை உள்ளீடு ஒன்றை வாங்கு, ‘ஆ’ வகை உள்ளீடு ஒன்றை வாங்கு, இரண்டாவதை எறிந்துவிட்டு முதலாவதைத் தா. ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. கூற்று என்பது வகை. நிறுவல் என்பது அந்த வகையைச் சேர்ந்த நிரல். ‘அ மற்றும் ஆ’ என்ற கூற்று, இரண்டு சான்றும் அடங்கிய ஜோடி. ‘அ அல்லது ஆ’ என்பது எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டிய பொட்டலம். ‘பொய்’ என்பது உள்ளே ஒன்றுமே இல்லாத வகை.

இதன் கீற்றை ஹாஸ்கெல் கரி 1934லேயே பார்த்தார். முழு உருவத்தில் எழுதியவர் வில்லியம் ஹோவார்ட். 1969இல் அவர் எழுதிய கைப்பிரதி நகல்களாகக் கைமாறிக்கொண்டிருந்தது. 1980இல், கரிக்கு எடுத்த சிறப்பு மலரில்தான் அச்சேறியது. அறிவியல் கணித இதழ்களின் பக்கமே வராமல் பதினோரு ஆண்டுகள் ஒரு துறையைத் திசை திருப்பிய கைப்பிரதி அது.

இந்தப் பொருத்தத்தில் ஓர் இடம் மட்டும் முறுக்கிக்கொள்கிறது. ‘அ அல்லது அ அல்ல’ என்ற விலக்கிய நடு விதி. அதற்கு நிரல் எழுத வேண்டுமானால், எந்தக் கூற்றைக் கொடுத்தாலும் அது உண்மையா இல்லையா என்று ஒட்டிய பொட்டலத்தைத் தர வேண்டும். அப்படி ஒரு நிரல் இல்லை. டச்சுக் கணிதவியலாளர் பிரௌவர் இந்த விதியை ஏற்க மறுத்தபோது அது தத்துவப் பிடிவாதமாகத் தோன்றியது. நிரல்களின் பக்கம் நின்று பார்த்தால் வெறும் கைக்கணக்கு.

அடுத்த படியை எடுத்தவர் ஸ்வீடனின் பெர் மார்ட்டின்-லோஃப். மாஸ்கோவில் கொல்மோகொரோவிடம் படித்தவர். பறவை ஆர்வலர், வளையமிட்ட பறவைகளின் இறப்பு வீதத்தைக் கணக்கிடுவது பற்றி 1961இல் கட்டுரை எழுதியிருக்கிறார். 1971இல் அவர் முன்வைத்த அமைப்பில் ‘எல்லா வகைகளின் வகை’ ஒன்று இருந்தது. அது தானும் ஒரு வகை. அது முரணில் முடிகிறது என்று அடுத்த ஆண்டே பிரான்ஸின் ழான்-இவ் ஜிரார் காட்டினார். எழுபது ஆண்டு கழித்து அதே பூதம், அதே வாசல். மார்ட்டின்-லோஃப் ரஸ்ஸலின் ஏணியைத் திரும்ப எடுத்து வைத்தார்: வகைகள், அவற்றின் வகை, அதற்கும் மேல் ஒன்று, இப்படி மேலே மேலே.

அவருடைய அமைப்பில் வகை மதிப்பைச் சார்ந்திருக்கலாம். ‘பட்டியல்’ என்பது மட்டுமன்றி ‘5 நீளமுள்ள பட்டியல்’ என்பதும் ஒரு வகை. ‘ந’ நீளப் பட்டியலோடு ‘ம’ நீளப் பட்டியலை ஒட்டினால் ‘ந+ம’ நீளப் பட்டியல் என்று வகையிலேயே எழுதிவிடலாம். பட்டியலில் இல்லாத ஆறாவது உறுப்பைக் கேட்கும் நிரல் ஓடுவதற்கு முன்பே பிடிபடும்.

இங்கேதான் சமம் காலைப் பிடிக்கிறது. கூட்டலை இப்படி வரையறுத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள்: எதோடும் 0வைக் கூட்டினால் அதுவே; வலப்பக்க எண்ணை ஒன்று உயர்த்தினால் கூட்டலும் ஒன்று உயரும். இப்போது ‘ந+0’ நீளப் பட்டியலும் ‘ந’ நீளப் பட்டியலும் ஒரே வகை என்பதைக் கணினி பார்த்த மாத்திரத்தில் ஏற்றுக்கொள்ளும். வரையறையின் முதல் வரியே அதுதான். ஆனால் ‘0+ந’ நீளப் பட்டியலைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ‘ந’ என்னவென்று தெரியாதவரை அந்தக் கூட்டலை ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. இரண்டும் சமம் என்பதற்கு நீங்கள் தூண்டல் முறையில் நிறுவல் எழுத வேண்டும். எழுதி, அந்த நிறுவலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வகையிலிருந்து மற்றதற்குப் பட்டியலைக் கடத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே குறியால் எழுதிய சமம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒன்று கணக்கிட்டாலே தெரிவது. மற்றது சான்று கேட்பது. சான்றுள்ள சமங்களை எல்லாம் கணினி தானாகவே ஏற்கும்படி விதியை மாற்றலாமே என்று தோன்றும். மாற்றிப் பார்த்தார்கள். ஒரு நிரல் தன் வகைக்குப் பொருந்துகிறதா என்று சோதித்து முடிவு சொல்வதே எந்த இயந்திரத்தாலும் உறுதியாக முடியாத காரியமாகிவிட்டது.

இது நடந்துகொண்டிருந்த காலத்தில் வேறொரு தெருவில் சமத்தைப் பற்றிக் கவலையே படாத ஒரு கணிதம் வளர்ந்திருந்தது. 1945இல் சாமுவேல் ஐலன்பெர்க், சாண்டர்ஸ் மக்லேன் இருவரும் வெளியிட்ட கட்டுரையோடு கேட்டகரி கோட்பாடு தொடங்குகிறது. ஐலன்பெர்க் வார்சாவில் பிறந்து, போருக்குச் சற்று முன் அமெரிக்கா போனவர். கலைப்பொருள் வட்டாரத்தில் அவருக்கு வேறு முகம் உண்டு. இந்திய, தென்கிழக்காசியச் சிற்பங்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். அந்தச் சேகரிப்பில் பெரும்பகுதி இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேட்டகரி என்பது என்ன? சில பொருள்கள், பொருளுக்குப் பொருள் அம்புகள், ஓர் அம்பு முடியும் இடத்தில் இன்னொன்று தொடங்கினால் இரண்டையும் சேர்த்து ஓர் அம்பு, ஒவ்வொரு பொருளிலும் சும்மா இருக்கும் ஓர் அம்பு. பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இவ்வளவு குறைவாகப் பேசி என்ன சாதிக்க முடியும்?

ஓர் உதாரணம். அ, ஆ என்ற இரு பொருள்களின் ‘பெருக்கம்’ என்பதை அம்புகளால் மட்டும் சொல்லிப் பார்ப்போம். அதிலிருந்து அவுக்கு ஓர் அம்பும் ஆவுக்கு ஓர் அம்பும் இருக்க வேண்டும். வேறு எங்கிருந்தாவது அவுக்கும் ஆவுக்கும் அம்புகள் வந்தால், அவை இதன் வழியாக, ஒரே ஒரு விதத்தில், கடந்துபோக வேண்டும். நிரல்களின் உலகில் இந்த வரையறை ஜோடியைத் தருகிறது. தருக்கத்தில் ‘மற்றும்’ என்பதைத் தருகிறது. இனி எண்களை எடுத்துக்கொண்டு, ஓர் எண் இன்னோர் எண்ணை மீதியின்றி வகுத்தால், வகுக்கும் எண்ணிலிருந்து வகுபடும் எண்ணுக்கு ஓர் அம்பு போடுங்கள். 12, 18 இரண்டின் ‘பெருக்கம்’ இப்போது 216 அல்ல, 6. எட்டாம் வகுப்பில் போட்ட மீ.பொ.வ. வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. ஒரே வாக்கியம் மூன்று ஊர்களில் மூன்று பொருள் தருவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தத் துறை பிடித்தது. அதற்கு முன் அது வெறும் அம்புக்குறிப் படங்களாகவே இருந்தது.

இந்த வரையறை ஒரே ஒரு பொருளைச் சுட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘அ முதலில், ஆ அடுத்து’ என்ற ஜோடியும் ‘ஆ முதலில், அ அடுத்து’ என்ற ஜோடியும் இரண்டுமே பெருக்கத்துக்கான தகுதி உடையவை. இரண்டுக்கும் நடுவே போகவும் திரும்பவும் அம்புகள் உண்டு. போய்த் திரும்பினால் புறப்பட்ட இடத்திலேயே இருப்போம். கேட்டகரி கோட்பாட்டுக்காரருக்கு அது போதும். இரண்டும் சமமா என்று அவர் கேட்பதில்லை. சமானம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு பொருளை முற்றும் அறிய, மற்றவை எல்லாவற்றிலிருந்தும் அதற்கு வரும் அம்புகளை அறிந்தால் போதும் என்பது இத்துறையின் புகழ்பெற்ற யொனேடா துணைத்தேற்றம். பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் தொடங்கி ரயில் கிளம்பும்வரை நீண்ட உரையாடலில் நொபுவோ யொனேடா அதை மக்லேனுக்குச் சொன்னாராம். யொனேடா பின்னாளில் டோக்கியோவில் கணினித் துறைப் பேராசிரியர் ஆனார்.

இரண்டு தெருக்களையும் இணைத்தவர்களில் முக்கியமானவர் முன்பு குறிப்பிட்ட லாம்பெக். 1922இல் லைப்சிக்கில் பிறந்த யூதர். அகதியாக பிரிட்டன் போனவரை எதிரி நாட்டவர் என்று பிடித்துக் கனடாவின் முகாம் ஒன்றில் அடைத்தார்கள். உடன் அடைபட்டிருந்த ஒருவரிடம் அங்கே கணிதம் கற்றார். பிறகு வாழ்நாள் முழுவதும் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம். சர்ச்சின் வகையுள்ள லாம்டா கணிதமும், பெருக்கமும் சார்புப் பொருளும் உள்ள கேட்டகரிகளும் ஒரே விஷயத்தின் இரு எழுத்துமுறைகள் என்று அவர் காட்டினார். ஆக, ஹோவார்டின் இரட்டை மூன்றாயிற்று: கூற்று, வகை, பொருள் என்பன ஒரு வரிசை, நிறுவல், நிரல், அம்பு என்பன மறு வரிசை.

இதிலிருந்து நிரல்மொழிகளுக்குக் கிடைத்ததைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நான் சுருக்கமாகவே சொல்வேன். 1989இல் யூஜெனியோ மோஜி, நிரலின் பக்கவிளைவுகளை மோனட் என்ற கேட்டகரிக் கருவியால் விளக்கினார். ஃபிலிப் வாட்லர் அதை ஹாஸ்கெல் மொழிக்கு எடுத்துவந்தார். அதன் பிறகு மோனட் என்றால் என்ன என்று விளக்க முயன்ற கட்டுரைகளின் எண்ணிக்கை மோனட்டால் தீர்ந்த சிக்கல்களைவிட அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்டகரி கோட்பாடு படித்தால் நல்ல நிரலாளர் ஆகலாம் என்பவர்களை நம்ப வேண்டாம். மொழியை வடிவமைப்பவர்களுக்கு அது தேவை. மொழியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த வடிவமைப்பின் பலன் போதும்.

சமத்துக்குத் திரும்புவோம். கணக் கோட்பாட்டில் எண்களையும் கணங்களாகவே கட்ட வேண்டும். கணிதவியலாளர் ஸெர்மெலோ ஒரு விதமாகக் கட்டினார், இன்னொரு கணிதவியலாளர் ஃபான் நாய்மன் வேறு விதமாக. ‘1 என்பது 3இன் உறுப்பா?’ என்று கேட்டால் ஃபான் நாய்மன் எண்கள் ஆம் என்கின்றன. ஸெர்மெலோ எண்கள் இல்லை என்கின்றன. எந்த எண்கள் உண்மையான எண்கள்? 1965இல் தத்துவவாதி பால் பெனசெராஃப் இதை எடுத்துக்காட்டி, எண்கள் கணங்களாகவே இருக்க முடியாது என்றார். கணிதவியலாளர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது கேட்கக் கூடாத கேள்வி, திணை வழு. இரண்டும் சமானம், எதையாவது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் அடித்தளம் என்று கைகாட்டிய கணக் கோட்பாடோ அந்தக் கேள்வியைத் தடுக்கவில்லை. வாயால் ஒன்று, ஏட்டில் ஒன்று.

மார்ட்டின்-லோஃபின் அமைப்பில் ‘இதுவும் அதுவும் சமம்’ என்பதும் ஒரு வகை. அதில் இருப்பவை சமத்துக்கான சான்றுகள். சான்றுகள் இரண்டு இருந்தால் அவையும் தமக்குள் சமமாகத்தான் இருக்க வேண்டுமா? சமத்தில் இரண்டு விதம் ஏது என்று பொதுப்புத்தி சொல்லும். 1990களின் நடுவில் மார்ட்டின் ஹோஃப்மனும் தாமஸ் ஷ்ட்ரைக்கரும், அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் அந்த விதிகளில் இல்லை என்று நிறுவினார்கள். ஒரு சதுரத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பியும் புரட்டியும் பழைய இடத்திலேயே பொருந்த வைக்க எட்டு வழிகள் உள்ளன. தன்னோடு தான் சமானமாக இருக்க எட்டு விதம்; எட்டும் வேறுவேறு.

வொய்வோட்ஸ்கிக்கு இது பழகிய நிலப்பரப்பு. சமத்தின் சான்றை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் பாதையாக அவர் பார்த்தார். பாதைகளுக்கு இடையே பாதைகள், அவற்றுக்கு இடையேயும் பாதைகள் என்பது அவர் பதக்கம் வாங்கிய துறையின் அன்றாடப் பேச்சு. அதன்மேல் அவர் ஓர் அடிகோள் வைத்தார், யூனிவேலன்ஸ் என்று. வகைகளைப் பொறுத்தவரை சமமும் சமானமும் சமானமானவை. தமிழில் சொல்லும்போது சிலேடைபோல ஒலிக்கிறது. சரியான கணிதமும் அதுதான். இரண்டு வகைகளுக்கிடையே போய்த் திரும்பும் வழி இருந்தால், ஒன்றைப் பற்றி நிறுவியதெல்லாம் மற்றதற்கும் தானாகவே செல்லும். ஸெர்மெலோவா ஃபான் நாய்மனா என்ற கேள்வியை இந்த மொழியில் எழுதவே முடியாது. கணிதவியலாளர்கள் வாயால் சொல்லிவந்தது முதன்முறையாக ஏட்டில் ஏறியது. 2012-13இல் பிரின்ஸ்டனில் ஓராண்டு கூடி உழைத்து, இதற்கான அறுநூறு பக்க நூலையும் தனி ஆசிரியர் பெயர் இல்லாமல் எழுதி வெளியிட்டார்கள். வொய்வோட்ஸ்கி 2017இல், 51 வயதில், காலமானார்.

அவர் கண்ட கனவு பலித்ததா? பாதி. கணினி சரிபார்க்கும் நிறுவல் என்பது இன்று நடைமுறை. 2005இல் ஜார்ஜ் கோந்தியே நான்கு வண்ணத் தேற்றத்தை காக் என்ற பிரெஞ்சுக் கருவியில் முழுமையாகச் சரிபார்த்து முடித்தார். அதே கருவியால் சேவியர் லெருவா ஒரு சி மொழிக் கம்பைலர் கட்டினார். மூல நிரலும் வெளிவரும் இயந்திர நிரலும் ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு, அதாவது ஒரு சமத்துக்கு, அதில் நிறுவல் உண்டு. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் பல கம்பைலர்களைத் தற்போக்கு நிரல்களால் தாக்கி, முன்பு அறியப்படாத 325க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டார்கள். லெருவாவின் கம்பைலரில் நிறுவப்பட்ட பகுதிக்குள் தவறான நிரலை வெளியிடும் பிழை ஒன்றும் அகப்படவில்லை. 2020 டிசம்பரில் கணிதவியலாளர் பீட்டர் ஷோல்ஸ், தமக்கே முழு நிச்சயம் இல்லாத தம் தேற்றம் ஒன்றைச் சரிபார்க்க முடியுமா என்று சவால் விட்டார். யோஹன் காமலின் தலைமையில் ஒரு குழு லீன் என்ற கருவியைக் கொண்டு 2022 ஜூலையில் அதை முடித்தது.

மறு பாதி கசப்பு. கணிதவியலாளர்கள் இன்று பெருமளவில் திரண்டிருக்கும் லீன், யூனிவேலன்ஸை ஏற்கவில்லை. சமத்துக்கு எத்தனை சான்று கொடுத்தாலும் எல்லாம் ஒன்றே என்று அது அடித்தளத்திலேயே முடிவு செய்துவிட்டது. வேலை வேகமாக நடக்கிறது. அதனால் ஆள் சேர்ந்தது. ஆனால் தொந்தரவு ஒழியவில்லை. 2024இல் கணிதவியலாளர் கெவின் பஸர்ட், க்ரோதெண்டிக் போன்ற கணித மேதைகளே சமக்குறியை எவ்வளவு தாராளமாகப் போட்டார்கள் என்பதையும், கணினிக்கு அதைச் சொல்லப்போனால் எவ்வளவு இடைவெளிகள் தெரிகின்றன என்பதையும் விளக்கித் தனிக் கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. லீனை இன்று தூக்கிப் பிடிப்பவர்களில் முன்வரிசையில் நிற்பவர் அவர்தான்.

யூனிவேலன்ஸ் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நிறுவல் நிரல் என்றால் அது ஓட வேண்டும். அடிகோளாக ஒன்றை நடுவில் நட்டுவைத்தால் நிரல் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். கோதன்பர்க்கில் தியெரி கொகானும் உடன் உழைத்தவர்களும் 2010களில் கனசதுர வகைக் கோட்பாடு ஒன்றை வகுத்து, யூனிவேலன்ஸையே கணக்கிடக்கூடியதாக ஆக்கினார்கள். அதற்கான சோதனைக் கல்லும் தயாராக இருந்தது. 2016இல் கியோம் புரூனெரி தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், முப்பரிமாணக் கோளப் பரப்பின் மேல் நாற்பரிமாணக் கோளப் பரப்பைச் சுற்றும் விதங்கள் ஏதோ ஓர் எண்ணால் தீர்மானமாகின்றன என்று இந்த மொழியில் நிறுவியிருந்தார். அந்த எண் 2 என்பது 1930களிலேயே தெரிந்த விஷயம். அவருடைய நிறுவலையே நிரலாக ஓடவிட்டால் 2 என்று வந்து விழ வேண்டும். ஓடவிட்டார்கள். நினைவகம் நிரம்பியது, விடை வரவில்லை. ஆண்டுகள் போயின, கருவிகள் மாறின, அப்போதும் வரவில்லை. பிறகு, மார்ட்டின்-லோஃப் பேராசிரியராக இருந்த அதே ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில், ஆக்செல் யுங்ஸ்ட்ரோமும் ஆண்டர்ஸ் மோர்ட்பெர்க்கும் அந்த எண்ணுக்கு மிக எளிய வரையறை ஒன்றைக் கண்டு, அதை அக்டா என்ற கருவியில் கணக்கிட்டார்கள். வந்த விடை −2. குறி எதுவானாலும் தேற்றம் ஒன்றே. எடுத்துக்கொண்ட நேரம் சில விநாடிகள்.